மடியில் கொண்டுபோன மூக்கு

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். பிரித்துக் காட்டினேன். கறுப்பு வண்ணம் அடித்த தகரக் கூடு. ஒரு பக்கம் வாய் அகலத் திறந்திருக்கும், மறுபக்கம் சரிந்து மூடியிருக்கும்.

"இது என்ன சார், புது மாதிரி அடுப்பா?"

"ஜீப்புக்கு மூக்கு" என்றேன்.

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே தங்கமும் இல்லை, கேமராவும் இல்லை. சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்று கோலாலம்பூரிலிருந்து அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் வழி நெடுக என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்குப் பழைய ஜீப்புகள் ஓட்டுவது என் தொழில். என் மனைவிக்குப் பிறந்த ஊர் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் துடியலூர். அவள் தம்பி பழனிச்சாமியும் அங்கே ஜீப் வைத்திருக்கிறான். புதன்கிழமை தோறும் ஸ்டெல்லா என்ற கிராமத்துச் செவிலியை ஏற்றிக்கொண்டு ஆனைகட்டிப் பக்கம் மலைக்குப் போவான். அங்கே இருளர்கள் வாழும் சிற்றூர்களைப் 'பதி' என்கிறார்கள். பதிப் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பு மருந்து ஐஸ் பெட்டியில் போகும். வண்டியோ பாதி மலையில் கொதித்து நின்றுவிடும். வண்டி ஆறுவதற்குள் ஐஸ் உருகிவிடும். இரண்டு முறை பாதியில் திரும்பியாகிவிட்டது என்று பழனிச்சாமி கடிதம் எழுதியிருந்தான். கடைசி வரி இது: "நீங்கள் மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள். ஒரு வழி சொல்லுங்கள் மச்சான்."

ஒரு மனிதனிடம் வழி கேட்டுவிட்டால் அவனுக்குத் தலை எவ்வளவு கனத்துப்போகிறது! நான் பதில் கடிதம் எழுதவில்லை. ஈப்போவுக்குப் போய்ப் பெரிய கடையில் இந்த மூக்கை வாங்கினேன். பானெட்டில் ஓட்டை போட்டு மேலே பொருத்திவிட்டால் எதிர்க்காற்று உள்ளே புகுந்து எஞ்சினைக் குளிர்விக்கும் என்றான் கடைக்காரன். என் வண்டி ஒன்றிலும் இது இருக்கிறது, அந்த வண்டி ஒருநாளும் கொதித்ததில்லை. வாங்கி வந்த அன்று என் டிரைவர் ஹமீது ஏதோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

துடியலூரில் இறங்கியபோது ஜூன் மாதக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. எங்கள் மலைக்காற்று ஈரத்துணி போல உடம்பில் ஒட்டும். இது சட்டையைப் பிடித்து இழுத்தது. பழனிச்சாமியின் மனைவி மல்லிகா, இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்திருந்தாள். அவள் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்பவள், அன்று எனக்காக லீவு போட்டிருந்தாள். மூன்றாவது முறை போதும் என்று தட்டைக் கையால் மூடினேன். "ஏனுங்ணா, நல்லால்லீங்களா?" என்று முகம் வாடினாள். நான்காவது முறையும் சாப்பிட்டேன்.

நான் கொண்டுபோன காபித்தூளைக் கொடுத்தேன். வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுக் கரி நிறத்தில் வறுத்த எங்கள் ஊர்க் காபி. மறுநாள் காலையிலிருந்து வீட்டில் எல்லாரும் அதையே குடித்தார்கள். "நெம்ப நல்லாருக்குதுங்க" என்றார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே ஸ்டெல்லா வந்துவிட்டார். நீலப் புடவை, தோளில் பை, முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்து அவரைப் படிக்க வைத்தவர்கள் என்று பின்னால் மல்லிகா சொன்னாள். ஸ்டெல்லா நாற்காலியில் உட்காரவில்லை. ஜீப்பைச் சுற்றி வந்தார்.

"வர்ற புதங்கெழம மேல போயே ஆகோணுங்க. கீழ்ப் பதியில தட்டம்மை வந்துபோட்டுது. மேல்பதிக்கு ஏறுறதுக்குள்ள ஊசி போட்டாகோணும். வேற ஜீப்புக்காரங்க அந்தத் தடத்துல வர மாட்டேங்கறாங்க."

"கவலையை விடுங்க சிஸ்டர், மூக்கு வந்தாச்சு" என்றேன் நான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை உக்கடத்தில் யூசுப் பாயின் பட்டறைக்குப் போனோம். ஓட்டல் அடுப்புகளுக்குப் புகைக்கூண்டு செய்கிறவர். நாற்பது வயது, வேலை செய்யும்போது வாய் ஓயாது. கோயமுத்தூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு போல்ட்டு உடைந்தால் மலையிறங்கிப் போக வேண்டும். இங்கே ஒரு தெருவில் பத்து லேத் ஓடுகிறது. டீ குடிக்கிற நேரத்தில் போல்ட்டைக் கடைந்து கொடுத்துவிடுகிறார்கள். கேட்டதைச் செய்ய முடியாது என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்கவில்லை.

யூசுப் பாய் மூக்கைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "நல்ல தகரமுங்க" என்றார். "வாய எந்தப் பக்கம் பாத்து வெக்கட்டுங்க?"

"முன்பக்கம்தான். காத்து உள்ள வர வேணாமா? கண்ணாடிக்குக் கீழ, எஞ்சினுக்கு நேர் மேல வைங்க."

அவர் பழனிச்சாமியைப் பார்த்தார். பழனிச்சாமி தரையைப் பார்த்தான். 

"சரிதானுங்க. நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்று சாக்பீஸை எடுத்தார்.

பானெட்டில் மல்லிகா வைத்திருந்த சந்தனம் குங்குமத்தைத் துடைத்துவிட்டுக் கோடு போட்டார்கள். வெட்டும் சத்தத்தில் தெருவே நடுங்கியது. தேங்காய் பன்னும் டீயும் வந்தன. வேலை முடிந்ததும் ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. நான் நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் ஒரு சொந்தக்கார வீட்டு விருந்து. கிழக்கே போகும் சாலை. இருபுறமும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், காங்கயம் மாடுகள், களங்களில் காயும் தேங்காய்ப் பருப்பு. எங்கள் மலையில் பச்சையைத் தவிர வேறு நிறம் கிடையாது. இங்கே மண்ணுக்கே பத்து நிறம். காற்று முதுகுப்பக்கம் தள்ள, வண்டி பறந்தது. சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. "பாத்தியா?" என்றேன். "பாத்தனுங்க மச்சான்" என்றான் பழனிச்சாமி.

விருந்தில் நாட்டுக்கோழியும், ஒப்புட்டு என்கிற போளியும் சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினோம். எதிர்க்காற்று. பல்லடம் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. நான்கு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினான். "வெயிலுங்க" என்றான். வெயில்தான், நானும் அப்படித்தான் நினைத்தேன். போகும்போது அடித்ததும் அதே வெயில்தானே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? ஒப்புட்டு மயக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது என் மூக்கு, அதனால் தோன்றவில்லை.

புதன்கிழமை நானும் மலைக்குக் கிளம்பினேன். "எடமில்லீங்களே மச்சான்" என்றான் பழனிச்சாமி. எட்டிப் பார்த்தேன். பின்னால் ஐந்து கேன் தண்ணீர். மூக்கு வைப்பதற்கு முன் இரண்டுதான் எடுத்துப்போவான் என்று மல்லிகா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதியில் குடிதண்ணீர் இல்லை போலிருக்கிறது, நல்ல மனசு என்று எண்ணிக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிட்டேன். இடம் போதாமல், பிள்ளைகளை நிறுக்கும் தராசை ஸ்டெல்லா பழனிச்சாமி வீட்டிலேயே இறக்கி வைத்தார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். ஐந்து கேனும் காலி.

"தடத்துல யானை நின்னுபோட்டுதுங்க" என்றான் பழனிச்சாமி. ஸ்டெல்லா தராசை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். யானையை நொந்துகொண்டு நான் மத்தியானச் சோறு சாப்பிட்டேன். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். நன்றாகவே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சும்மா ஊர் பார்க்க ஆனைகட்டிக்குப் போனோம். கேரள எல்லை. வழியில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். ஆனைகட்டி டீக்கடை முன்னால் அந்தப் பக்கத்து ஜீப்புக்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். எங்கள் ஜீப்பைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். கேமரன் மலையில் எங்கள் பக்கத்து வீடு மலையாளி வீடு. எனக்கு அந்த மொழி நன்றாகப் புரியும்.

"அங்கே பார், எவனோ மடையன் காற்றுக் கூண்டை முன்பக்கம் பார்க்க வைத்திருக்கிறான்" என்றான் ஒருவன்.

"எதிர்க்காற்று அதற்குள் போனால் ரேடியேட்டர் வழியாக வருகிற காற்று எங்கே போகும்? வெந்நீர் போட வைத்திருப்பான்" என்றான் மற்றவன். இருவரும் சிரித்தார்கள்.

நான் பழனிச்சாமியைப் பார்த்தேன். எல்லையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு மலையாளம் புரியாமல் இருக்காது. அவன் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அவங்க சொல்றது உண்மையா?"

"வெளையாட்டுக்குப் பேசறாங்க மச்சான்."

"புதன்கிழமை யானை நின்னுச்சா?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "இல்லீங்க."

"வண்டி கொதிச்சுதா?"

"முன்னயாவது பாதி மலையில நின்னுதுங்க. இப்ப கால் மலையிலயே..." என்று நிறுத்திக்கொண்டான்.

"யூசுப் பாய்க்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுமுங்க."

"சிஸ்டருக்கு?"

"தெரியுமுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டீக்கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். "பிள்ளைங்க ஊசி விஷயம்யா இது! ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

பழனிச்சாமி நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "கடல் தாண்டி மடியில வெச்சுக் கொண்டாந்திருக்கறீங்க. ஒறம்பரைகிட்ட அது ஆகாதுன்னு எப்படீங்க சொல்றது? நீங்க ஊருக்குப் போன பொறகு கழட்டிக்கலாம்னு இருந்தனுங்க."

ஒறம்பரை என்றால் வீட்டுக்கு வந்த உறவினர். அவர் வைத்ததை, அவர் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொல்லக்கூடாது என்பதற்காகக் கேன் ஐந்தானது, தராசு இறங்கியது, ஒரு யானையும் வந்து தடத்தில் நின்றது.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு ஹமீது நினைவுக்கு வந்தான். அன்று அவன் சொன்னது இப்போது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. "அழகுக்கு வைக்கிறது முதலாளி. நம்ம மலையே குளிர்ப்பெட்டி, எப்படி வைத்தாலும் கொதிக்காது." அவன் முகத்துக்கு நேராகச் சொன்னான். நான் கேட்டேனா? மரியாதை பார்த்துச் சொல்லாமல் விட்டவர்கள்மீது கத்துகிறேன். மரியாதை பார்க்காமல் சொன்னவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. குற்றம் அவர்கள் நாக்கில் பாதி என்றால் என் காதில் முக்கால்.

வீட்டில் மல்லிகா காபி கொண்டுவந்தாள். அவள் கணவன் அதை வாயில் வைக்கும்போது முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்தேன். கஷாயம் குடிக்கிற முகம். எட்டு நாளாக இப்படித்தான் குடித்திருக்கிறார்கள். வெட்கப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"மல்லிகா, இந்தக் காபியை விடும்மா. வண்டிக்கு என்ன பண்ணலாம்னு உனக்கு ஏதாவது தோணுதா? மனசுல இருக்கிறதைச் சொல்லு. எனக்காகப் பாக்காத."

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு நூல் கோனைக் கொண்டுவந்தாள். "மில்லுல பஞ்சு எந்தப் பக்கம் பறக்குதோ அந்தப் பக்கந்தானுங்ணா காத்து போகும். சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் பஞ்சு பொய் சொல்லாதுங்க. வண்டி மேல நூலக் கட்டிப் பாத்தா என்னங்க?"

இதைச் சொல்ல அவள் எட்டு நாள் காத்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் ஸ்டெல்லாவையும் வரச் சொன்னோம். மூக்கு தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்ட செய்தி அவரிடம் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் மெல்லச் சிரித்துவிட்டுப் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தார். மல்லிகா ஒரு சாண் நீளத்துக்கு நூலை வெட்ட வெட்ட, நாங்கள் பானெட் முழுவதும் வரிசையாக ஒட்டினோம். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பிகளிலும் கட்டினோம். மேற்கே, காற்றுக்கு எதிராக, பழனிச்சாமி ஓட்டினான். மல்லிகாவும் ஸ்டெல்லாவும் நானும் இரவல் வாங்கிய இன்னொரு வண்டியில் கூடவே போய்ப் பார்த்தோம். எதிரே வந்த பஸ்காரர்கள் ஜீப்புக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

மூக்கின் வாயில் ஒட்டிய நூல்கள் விறைப்பாக உள்ளே போயின. கடைக்காரன் சொன்னது அதுவரைக்கும் சரி. ஆனால் ரேடியேட்டர் முன்னால் கட்டிய நூல்கள் அசையவே இல்லை, செத்த புழு போலத் தொங்கின. வண்டியை நிறுத்தி மூக்கின் வாயில் ஒரு சாக்கைத் திணித்தோம். மறுபடி ஓட்டினான். தொங்கிய நூல்கள் எல்லாம் எழுந்து ரேடியேட்டரை நோக்கி இழுபட்டன. அந்தச் சாக்கு ஒரு நிமிடத்தில் எனக்குச் சொல்லியதை மனிதர்கள் எட்டு நாளாகச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மல்லிகா கவனித்திருந்தாள். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் ஒட்டிய நூல்கள் மட்டும் படியாமல் மேல்நோக்கியே எழும்பின. "அங்க ஓட்ட போட்டா சூடு தானா வெளிய வந்துருமுங்க" என்றாள்.

யூசுப் பாயிடம் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிவிட்டார். "ஐயோ, அதெல்லாம் என்னங்க!" பிறகு, அடைத்துவைத்த தண்ணீரைத் திறந்துவிட்டதுபோலப் பேச ஆரம்பித்தார்.

"ஓட்டல் சமையக்கட்டுல மேல புகைக்கூண்டு வெக்காம, ஜன்னல் வழியா ஃபேன் போட்டு ஊதுனா என்னாகுமுங்க? சமையக்காரன் வெந்துபோவான். உள்ள வாரதுக்கு முன்னால ரேடியேட்டரே இருக்குதுங்களே, அது போதும். வெளிய போறதுக்குத்தானுங்க வழி வேணும். நாம மீனுக்கு வெச்ச மாதிரி செவுளு வெச்சுப்போடலாம்."

இரண்டு நாள் வேலை. ரேடியேட்டருக்குப் பின்னால் இடமும் வலமும் எட்டெட்டுக் கீறல் போட்டு, ஒவ்வொன்றின் உதட்டையும் உள்ளிருந்து தட்டித் தூக்கினார். எல்லாமே பின்பக்கம் பார்த்துத் திறந்திருந்தன, முன்னால் அடிக்கிற தூறல் உள்ளே போகாது. கண்ணாடிக்குக் கீழ் இருந்த பழைய ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தார். ரேடியேட்டருக்கு இரு பக்கமும் இருந்த இடைவெளியைப் பழைய டியூப் ரப்பரால் மூடினார், காற்று குறுக்கு வழியில் ஓடிவிடக் கூடாதாம். மூக்கைத் தூக்கி எறியச் சொன்னேன். அவர் அதை நடுவில், செவுள்களுக்கு இடையில், வாய் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"எனக்காக வைக்காதீங்க பாய்."

"உங்களுக்காக இல்லீங்க. சூட்ட வெளிய உட இதும் ஒரு வழி. தகரம் நல்ல தகரம், திருப்பி வெச்சதுதானுங்க தப்பு."

இந்த முறை நான் நம்பினேன்.

அடுத்த புதன்கிழமை ஜீப்பில் ஒரே ஒரு கேன். தராசும் ஏறியது, நானும் ஏறினேன். தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் தடம் என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. பாறைகளும் ஓடைக் கற்களும்தான். எங்கள் மலையில் மண் வழுக்கும். இங்கே கல் உருளுகிறது. முதல் கியரில், நடந்துபோகிறவர் முந்திவிடுகிற வேகத்தில், வண்டி முனகிக்கொண்டு ஏறியது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தார். உதடு ஜபம் சொல்லிக்கொண்டிருந்தது.

போன வாரம் நின்ற இடத்தைப் பழனிச்சாமி கையால் காட்டினான். தாண்டினோம். அதற்கு முன் நின்ற இடமும் வந்தது, தாண்டினோம். செவுள்களின் மேல் காற்று நெளிந்து நெளிந்து எழுந்தது. அதன் வழியே தெரிந்த மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடின. தூறல் பிடித்தது. துளிகள் தகரத்தில் பட்டுச் சுருக் சுருக்கென்று வற்றின. முள் முக்காலில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. அந்த முள்ளை நான் பார்த்ததுபோல என் கல்யாணத்தில் என் மனைவியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

மேல்பதி வந்ததும் ஸ்டெல்லா பெட்டியைத் திறந்து உள்ளே கைவிட்டார். "ஐஸ் இன்னும் கெட்டியா இருக்குதுங்க!" என்று சிறு பிள்ளை போலக் கத்தினார். பழனிச்சாமி வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். 

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள், குத்தியதும் வரிசையாக அழுதார்கள். ஒரு பெண் மட்டும் வரிசையில் நிற்காமல் ஸ்டெல்லாவின் புடவையை இழுத்தாள். அவர்கள் மொழியில் அவள் சொன்னதை ஸ்டெல்லா எனக்குச் சொன்னார்: "என் மகள் எழுந்திருக்கவில்லை, வந்து பாருங்கள் என்கிறாள்."

பாயில் நான்கு வயதுப் பெண் குழந்தை படுத்திருந்தது. பெயர் மருதி. உடம்பெல்லாம் செம்புள்ளி, கண் சிவந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. காய்ச்சல் எப்போது வந்தது என்று ஸ்டெல்லா கேட்டார். போன புதன்கிழமைக்கு முந்தின நாள் என்றாள் தாய்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டேன். "போன புதன்கிழமை நாம வந்திருந்தா?"

அப்படியெல்லாம் நினைக்காதீங்க என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பதினைந்து நாள் பழக்கம் அப்படி. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஊசி போட்டிருந்தாலும் அம்மை நின்னிருக்காதுங்க. ஏற்கெனவே உள்ள வந்துபோட்டுது. ஆனா அன்னைக்கே நான் பாத்திருப்பேன். அன்னைக்கே கீழ கொண்டுபோயிருப்பேனுங்க. மூச்சு இத்தன வாங்க உட்டிருக்க மாட்டேன்."

ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் தைத்தது. தைத்தாலும் அவரை அப்போதுதான் முழுதாக மதித்தேன். என்னை இனிமேல் ஒறம்பரையாக வைக்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

குழந்தையை என் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். தாய் பின்னால், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடல் தாண்டி ஒரு தகரத்தை நசுங்காமல் கொண்டுவந்த மடி. அந்தச் சூடு என் வேட்டி வழியாகத் தொடையில் இறங்கியது. எஞ்சின் சூட்டுக்குச் செவுள் வைத்துவிட்டோம். இந்தச் சிறு உடம்பின் சூடு எந்த வழியாக வெளியே போகும் என்று தெரியாமல் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தேன். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. நேரே கோயமுத்தூர் அரசு ஆஸ்பத்திரி வாசலில்தான் பழனிச்சாமி நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை ஸ்டெல்லா வந்து, "மருதி நல்லாருக்குதுங்க, காச்சல் எறங்கிருச்சு" என்றார். நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தேகம். ஊருக்குப் போகிறவனை மனம் நோக அனுப்பக்கூடாது என்று சொல்கிறாரோ? அவரிடம் அப்படிக் கேட்பதும் மரியாதையில்லை. விடிந்ததும் பஸ் ஏறி நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாக்களில் ஒன்று மீதி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன். தகரத்தில் அழகான படம் போட்ட, விலை கூடின பிஸ்கட்.

மருதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. ஸ்டெல்லா சொன்னது மரியாதைக்குச் சொன்னது இல்லை. டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். பிஸ்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டப்பாவைக் கையால் தள்ளினாள்.

"வேண்டா."

தாய் பதறிப்போனாள். குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணிக்கப் பார்த்தாள், என்னைப் பார்த்து ஏதேதோ சமாதானம் சொன்னாள். "விடும்மா, விடு" என்று தடுத்தேன். இத்தனை நாளில் நான் நீட்டிய ஒன்றை, கண்ணுக்கு நேராகப் பார்த்து, வேண்டாம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

டப்பாவை மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கோயமுத்தூருக்கு வந்ததிலிருந்து நான் யாரிடமும் கேட்காத ஒன்றை அவளிடம் கேட்டேன்.

"சரி, உனக்கு என்ன வேணும்?"

யோசித்தாள். "பன்னு" என்றாள்.

தேங்காய் பன் வாங்க வெளியே நடந்தேன்.